ஐந்நூறு குதிரைகள், இரண்டு கையளவு ரப்பர்

பி.எம்.டபிள்யூ நிறுவனம் 2011-இல் கொண்டுவந்த எம்5 காரின் எஞ்சின் 560 குதிரைத்திறன் கொண்டது. நின்ற இடத்திலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட அதற்கு ஏறத்தாழ 4.4 நொடி ஆனது. 2017-இல் வந்த அடுத்த தலைமுறை எம்5-இன் திறன் 600. அதே வேகத்தைத் தொட அதற்கு 3.4 நொடி போதும். கூடிய திறன் நூற்றுக்கு ஏழு பங்கு. குறைந்த நேரமோ நூற்றுக்கு இருபது பங்குக்கும் மேல். புதிய கியர்பெட்டிக்கும் இதில் பங்குண்டு. ஆனால் முக்கியக் காரணம் வேறு. பழைய காரில் எஞ்சினின் விசை முழுவதும் பின்சக்கரங்கள் இரண்டுக்குப் போனது. புதியதில் நான்கு சக்கரங்களுக்கும் போகிறது.

எஞ்சின் எவ்வளவு தள்ளுகிறது என்பது ஒரு கணக்கு. அதில் எவ்வளவைச் சாலை ஏற்றுக்கொள்கிறது என்பது இன்னொரு கணக்கு. சக்தி மிகுந்த பின்சக்கர இயக்கக் காரில் முதல் கணக்கு இரண்டாவதை எளிதாக மிஞ்சிவிடும். மிஞ்சிய விசை டயரை வெறுமனே சுழற்றும், ரப்பரைத் தேய்க்கும், சில நேரம் காரின் பின்பக்கத்தையே பக்கவாட்டில் இழுத்துப் போகும்.

இப்படிப்பட்ட காரைப் பொதுச்சாலையில் ஓட்டுபவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பின் டயர்கள் தரையைத் தொடும் இடத்தில்தான் பிடிமானம் பிறக்கிறது. நாம் செய்யும் மாற்றம் அந்த இடத்துக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறதோ அவ்வளவு பலன் தரும். அதனால் டயர் முதலில், சஸ்பென்ஷன் அடுத்து, டிஃபரன்ஷியல் அதற்கடுத்து. மின்னணுக் கருவிகளும் ஓட்டுநரின் பாதமும் இவற்றையெல்லாம் ஆள்பவை.

எவ்வளவு விசையைத் தரை ஏற்கும்?

ஒரு மாதிரிக் காரை எடுத்துக்கொள்வோம். எடை 1,700 கிலோ. முன்னும் பின்னும் சரிபாதியாக எடை இறங்குகிறது. முன்சக்கர அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் இடையே 2.8 மீட்டர். காரின் எடைமையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நின்றுகொண்டிருக்கும்போது ஒவ்வொரு பின் டயரின் மேலும் 425 கிலோ. டயரின் காற்றழுத்தம் 2.3 பார் என்றால், அது தரையைத் தொடும் பரப்பு தோராயமாக 180 சதுர சென்டிமீட்டர். விரல்களோடு சேர்த்து ஒரு பெரியவரின் கை மூடும் இடத்தைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான்.

கார் சீறிக் கிளம்பும்போது அதன் எடை பின்னோக்கிச் சாய்கிறது. பின்சக்கர இயக்கத்தின் பெரிய வரம் இதுதான். உலர்ந்த நல்ல சாலையில் நல்ல டயரின் உராய்வெண்ணை 1 என்று வைத்துக்கொண்டால், முழு முடுக்கத்தில் சுமார் 185 கிலோ முன்னிருந்து பின்னுக்கு மாறுகிறது. பின் அச்சின் மேலுள்ள சுமை 850 கிலோவிலிருந்து 1,035 கிலோவாக உயர்கிறது. அப்போது தரை ஏற்கும் தள்ளுவிசை ஏறத்தாழ 10,150 நியூட்டன். இதே கார் முன்சக்கர இயக்கமாக இருந்தால் நிலைமை தலைகீழ்: கிளம்பும் கணத்திலேயே இயங்கும் சக்கரங்களின் மேலிருந்து எடை விலகிப் போகும்.

இப்போது எஞ்சின் பக்கம் வருவோம். முறுக்குவிசை 600 நியூட்டன் மீட்டர்; முதல் கியரின் விகிதம் 4; பின் அச்சின் விகிதம் 3; சக்கரத்தின் ஆரம் 33 சென்டிமீட்டர். இடையில் ஏற்படும் இழப்புகளை விட்டுவிட்டால், முதல் கியரில் டயர் தரையைத் தள்ள முனையும் விசை ஏறத்தாழ 21,800 நியூட்டன். தரை ஏற்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்! விகிதம் 2.5 உள்ள இரண்டாவது கியரில் 13,600. அதுவும் அதிகம்தான். 1.7 விகிதமுள்ள மூன்றாவது கியரில் 9,300 ஆகும்போதுதான் எஞ்சினும் சாலையும் ஒத்துப்போகின்றன.

மழை பெய்து உராய்வெண் 0.6-க்கு இறங்கினால் தரை ஏற்பது வெறும் 5,600 நியூட்டன். 1.25 விகிதமுள்ள நான்காவது கியரிலும் எஞ்சின் 6,800 நியூட்டன் தரும். நெடுஞ்சாலை வேகத்தில், நான்காவது கியரில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால்கூடப் பின்சக்கரம் நழுவக்கூடும் என்பதே இதன் பொருள். சக்திவாய்ந்த கார்களின் மழைக்கால விபத்துகள் பலவற்றுக்கு வேர் இந்த எளிய கணக்கில் இருக்கிறது.

கார் செய்பவர்கள் இதை நன்றாக அறிந்தவர்கள். 2015-இல் வந்த ஃபெராரி 488 ஜி.டி.பி. காரின் டர்போ எஞ்சின் 760 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தர வல்லது. ஆனால் அந்த முழு அளவை ஏழாவது கியரில் மட்டுமே தரும்படி நிரல் எழுதியிருக்கிறார்கள். கீழ்க் கியர்களில் விசை அளந்தே வெளிவருகிறது.

எடையைப் பின்சக்கரத்தின் மேலேயே வைப்பது இன்னொரு வழி. போர்ஷே 911-இல் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் இருப்பதால் எடையில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு பின்னால் இறங்குகிறது. 1953 முதல் ஏழு தலைமுறைகளாக எஞ்சினை முன்னால் வைத்திருந்த ஷெவர்லே கார்வெட், 2019-இல் அறிமுகமான எட்டாவது தலைமுறையில் அதை ஓட்டுநருக்குப் பின்னால் மாற்றியது. பின்சக்கரங்கள் இரண்டையே நம்பி இன்னும் அதிகத் திறனைத் தரையில் இறக்க வேண்டுமென்றால், எடையும் அங்கே போக வேண்டியிருந்தது.

நழுவாமல் பிடிப்பில்லை

டயர் துளிகூட நழுவாமல் காரைத் தள்ள முடியாது. தள்ளுவிசை பிறக்க வேண்டுமானால் சக்கரத்தின் விளிம்பு காரைவிடச் சற்று வேகமாகச் சுழல வேண்டும். தரையைத் தொடும் ரப்பர் அப்போது வளைந்து, இழுபட்டு, விடுபட்டு, மீண்டும் பற்றுகிறது. உலர்ந்த தார்ச்சாலையில் இந்த வேக வேறுபாடு நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை இருக்கும்போது பிடிப்பு உச்சத்தில் இருக்கும். அதைத் தாண்டினால் இறங்கத் தொடங்கும். முன்னோக்கித் தள்ளும் ஆற்றல் குறைவதோடு, பக்கவாட்டில் காரைத் தாங்கி நிற்கும் ஆற்றலும் சரிகிறது. வெறுமனே சுழலும் பின் டயருக்குக் காரின் பின்பக்கத்தை நேராகப் பிடித்துவைக்கும் வலு இல்லாமல் போவது இதனால்தான்.

ரப்பர் இரண்டு விதமாகச் சாலையைப் பற்றுகிறது. ஒன்று, ரப்பரின் மூலக்கூறுகளும் சாலைக் கற்களின் மேற்பரப்பும் மிக நெருங்கும்போது ஏற்படும் ஒட்டுவிசை. இன்னொன்று, கற்களின் முனைகள் ரப்பருக்குள் அழுந்தும்போது நிகழ்வது. ரப்பர் அந்த முனைகளைச் சுற்றி உருமாறுகிறது; ஆனால் உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பாமல் சற்றுத் தாமதிக்கிறது. அந்தத் தாமதத்தில் செலவாகும் ஆற்றல் உராய்வாக நமக்கு உதவுகிறது. ஈரத்தில் நீர்ப்படலம் முதல் வகையைப் பெரிதும் கெடுத்துவிடும். இரண்டாவது வகைதான் அப்போது காப்பாற்றும். சொரசொரப்பான சாலை மழையில் நன்றாகப் பிடிப்பதும், மெருகேறி வழவழத்த சாலை கைவிடுவதும் இதனாலேயே.

முதல் செலவு டயருக்கு

ஆகவே எஞ்சினுக்கோ சைலன்சருக்கோ போகும் பணத்தை முதலில் டயருக்குத் திருப்புவதுதான் அறிவு. டயரில் கவனிக்க வேண்டிய முதல் குணம் ரப்பர் கலவை. கோடைக்கான உயர்திறன் டயர்கள் சூட்டில் நன்றாகப் பிடிக்கும். வெப்பம் ஏறத்தாழ 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் இறுகிப்போகும். ஐரோப்பாவின் குளிர்காலத்தில் இவற்றோடு ஓட்டுவது ஆபத்து. பந்தயத்துக்கு நெருக்கமான டயர்களுக்கும் இதே குறை உண்டு: சூடேறிய பிறகே முழுப் பிடிப்பைத் தரும். பொதுச்சாலையில் அந்தச் சூடு வருவது அரிது. எனவே தினசரி ஓட்டத்துக்கு, ஈரத்தில் பிடிப்பு நன்றாக உள்ள உயர்திறன் சாலை டயரே பொருத்தம். 1992-இல் மிஷ்லன் நிறுவனம் சிலிக்கா கலந்த டயர்களைக் கொண்டுவந்த பிறகு, உருளும்போது வீணாகும் ஆற்றலைக் குறைத்துக்கொண்டே ஈரப்பிடிப்பைக் கூட்டுவது சாத்தியமானது. ஐரோப்பாவில் விற்கும் டயர்களின் முத்திரைச் சீட்டில் ஈரப்பிடிப்புக்கென்று தனித் தரவரிசையே இருக்கிறது. அளவுக்கும் விலைக்கும் முன்னால் பார்க்க வேண்டியது அதைத்தான்.

அடுத்தது வயது. டயரின் பக்கச்சுவரில் பொறித்த உற்பத்திக் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் அது பிறந்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பட்டன் நிறைய இருந்தாலும், பல ஆண்டுகள் ஆன ரப்பர் காய்ந்து இறுகியிருக்கும். கொட்டகையில் பாதுகாத்து, எப்போதாவது வெளியே எடுக்கும் விலையுயர்ந்த கார்களில் அடிக்கடி காணும் குறை இது.

அகலமான டயர் போட்டால் பிடிப்பு தானாகக் கூடிவிடும் என்ற நம்பிக்கை பாதிதான் சரி. அதே சுமையும் அதே காற்றழுத்தமும் இருந்தால் தொடுபரப்பின் அளவு பெரிதாக மாறாது. வடிவம்தான் அகலத்தில் கூடி நீளத்தில் குறையும். சூட்டைத் தாங்கவும் திருப்பங்களில் உறுதியாக நிற்கவும் அது உதவும். மழையிலோ அகலமான டயர் அதிக நீரை ஒதுக்கித் தள்ள வேண்டும். நீரின் மேல் மிதக்கும் அபாயம் கூடும். நாசாவில் வால்டர் ஹார்ன் விமான டயர்களை ஆராய்ந்து கண்ட தொடர்பின்படி, அந்த மிதப்பு தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 32 பவுண்டு அழுத்தமுள்ள டயருக்கு அது மணிக்கு ஏறத்தாழ 94 கிலோமீட்டர். பட்டன் தேய்ந்த அகலமான டயர் அதற்கு முன்பே மிதக்கலாம். ஐரோப்பியச் சட்டம் 1.6 மில்லிமீட்டர் ஆழம் வரை அனுமதிக்கிறது. சக்தி மிகுந்த காருக்கு அந்தக் கடைசி எல்லை வரை காத்திருக்கக் கூடாது.

காற்றைக் குறைத்துப் பிடிப்பைக் கூட்டுவது நேர்கோட்டுப் பந்தயக்காரர்களின் உத்தி. சில நொடி ஓட்டத்துக்கு அது சரி. நெடுஞ்சாலையில் காற்றுக் குறைந்த டயர் சூடேறி வெடிக்கக்கூடும். கதவோரம் ஒட்டியுள்ள அட்டை சொல்லும் அழுத்தமே இங்கே வேதம்.

சக்கரம் தரையை விடக் கூடாது

டயருக்கு இன்னொரு குணம் உண்டு: சுமை இரட்டித்தால் பிடிப்பு இரட்டிப்பதில்லை, சற்றுக் குறைவாகவே கூடும். ஒரு பின்சக்கரத்தின் மேல் சுமை ஏறி மற்றதில் இறங்கினால் இரண்டும் சேர்ந்து தரும் பிடிப்பு குறைகிறது. சமமாக, சீராகச் சுமை இறங்கும்போதுதான் டயர் முழுப் பலன் தரும். சஸ்பென்ஷனின் வேலை இதைக் காப்பது.

காரைத் தாழ்த்தி, இறுக்கமான ஸ்பிரிங் போடுவதைப் பலர் முதல் மேம்பாடாகச் செய்கிறார்கள். கண்ணாடி போன்ற பந்தயத் தடத்தில் அது பலன் தரலாம். மேடும் பள்ளமும் ஒட்டும் நிறைந்த பொதுச்சாலையில் இறுகிய சக்கரம் ஒவ்வொரு மேட்டிலும் துள்ளும். துள்ளும் கணத்தில் பிடிப்பு இல்லை. பின்பக்க ஆன்டி-ரோல் கம்பியைத் தடிமனாக்கினால் திருப்பத்தில் உட்புறச் சக்கரம் மேலும் லேசாகிச் சுழலத் தொடங்கும். பின்சக்கரப் பிடிமானம் வேண்டுபவர் அந்தக் கம்பியை முன்பக்கத்தோடு ஒப்பிட மென்மையாக வைப்பதே வழக்கம். இதற்கெல்லாம் முன்பு செய்ய வேண்டியது எளிது: ஓய்ந்துபோன ஷாக் அப்சார்பர்களையும் விரிசல்விட்ட ரப்பர் புஷ்களையும் மாற்றி, வீல் அலைன்மென்ட்டைச் சரிபார்ப்பது. பின்சக்கரங்கள் அளவுக்கு மீறி உட்புறம் சாய்ந்திருந்தால், நேராக முடுக்கும்போது டயரின் உள்விளிம்பு மட்டுமே உழைக்கும்.

இரண்டு சக்கரங்களுக்கு இடையிலான பங்கீடு

திருப்பத்தில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். அதற்காக இடப்பட்டதுதான் டிஃபரன்ஷியல். சாதாரண டிஃபரன்ஷியல் இரு சக்கரங்களுக்கும் சமமான முறுக்குவிசையையே தரும். நல்லெண்ணம்போலத் தோன்றும் இந்தச் சமத்துவம்தான் சிக்கல். ஒரு சக்கரம் ஈர மணலில் நின்று சிறு விசைக்கே சுழன்றால், மறுபக்கம் நல்ல தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் அதே சிறு விசைதான் கிடைக்கும்.

1930-களில் ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்த ஆட்டோ யூனியன் பந்தயக் கார்களில் இந்தச் சிக்கல் கடுமையாக வெளிப்பட்டது. அதைத் தீர்க்க இசட்.எஃப். நிறுவனம் வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியலைச் செய்துகொடுத்தது. இன்று இதில் பல வகைகள் உள்ளன. கிளட்ச் தட்டுகளால் இரு பின்சக்கரங்களையும் ஓரளவு பிணைப்பது ஒரு வகை. வெர்னன் கிளீஸ்மன் உருவாக்கிய டார்சன் வகை பற்சக்கரங்களாலேயே விசையைப் பிடிப்புள்ள பக்கம் அனுப்பும். ஆனால் ஒரு சக்கரம் முற்றிலும் அந்தரத்தில் இருந்தால் அதால் அதிகம் உதவ முடியாது. மூன்றாவது வகையில் கணினி கிளட்ச்சை இறுக்கித் தளர்த்துகிறது. சாதாரண டிஃபரன்ஷியல் கொண்ட சக்திமிகு காருக்கு, நல்ல டயருக்கும் சஸ்பென்ஷனுக்கும் அடுத்தபடியாகப் பெரிய மாற்றம் தருவது வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல்தான். மழையில் மட்டும் ஒரு நினைவு வேண்டும்: பிணைக்கப்பட்ட இரு சக்கரங்களும் எல்லை மீறினால் சேர்ந்தே நழுவும், அப்போது கார் சட்டெனத் திரும்பிவிடும்.

நொடிக்குப் பல முறை பார்க்கும் கண்

பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் போஷ் நிறுவனத்தின் ஏ.பி.எஸ். 1978-இல் மெர்சிடிஸ் எஸ்-கிளாஸில் வந்தது; சக்கரங்களின் வேகத்தை அளக்கும் உணரிகள் அதில் இருந்தன. அதே உணரிகளை வைத்து, பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று கணக்கிட்டு எஞ்சினை அடக்கும் பிடிமானக் கட்டுப்பாடு 1980-களில் பரவத் தொடங்கியது. 1995-இல் கார் தன் செங்குத்து அச்சில் எவ்வளவு திரும்புகிறது என்பதையும் அளந்து, தனித்தனிச் சக்கரத்துக்கு பிரேக் கொடுத்துக் காரை நேராக்கும் நிலைப்புக் கட்டுப்பாடு வந்தது. அமெரிக்காவில் 2012 மாடல் ஆண்டு முதலும் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதலும் எல்லாப் புதிய கார்களிலும் இது கட்டாயம்.

இதை அணைத்துவிட்டு ஓட்டுவதே திறமை என்ற எண்ணம் இளைஞர்களிடம் பரவியிருப்பது வருத்தத்துக்குரியது. நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனியே பிரேக் கொடுக்க எந்த ஓட்டுநராலும் முடியாது. அதற்கான மிதிகட்டையே காரில் இல்லை. அதே நேரம், கருவி பிடிப்பை உண்டாக்குவதில்லை, இருப்பதைப் பங்கிடுகிறது. மொட்டை டயரில் அதுவும் மொட்டைக் கணக்கைத்தான் போட முடியும்.

பாதமும் வட்டமும்

ஸ்டுட்கார்ட் பேராசிரியர் வூனிபால்ட் காம் பெயரால் அறியப்படும் ஒரு வட்டம் இருக்கிறது. டயரின் மொத்தப் பிடிப்பை வட்டத்தின் ஆரமாக வரைந்தால், முன்பின் விசையும் பக்கவாட்டு விசையும் சேர்ந்து அந்த வட்டத்துக்குள் அடங்க வேண்டும். பிதாகரஸ் தேற்றம் மீதியைச் சொல்லும். திருப்பத்தில் பிடிப்பின் 80 விழுக்காடு பக்கவாட்டுக்குப் போனால் முடுக்கத்துக்கு எஞ்சுவது 60 விழுக்காடு. பக்கவாட்டுத் தேவை 60 ஆகக் குறைந்தால் முடுக்கத்துக்கு 80 கிடைக்கும். ஸ்டீயரிங் நேராகும் அளவுக்கேற்ப ஆக்சிலரேட்டரை மிதிக்க வேண்டும் என்று பந்தயப் பயிற்சியாளர்கள் சொல்லும் விதி இதிலிருந்து வருகிறது.

மிதிக்கும் விதமும் முக்கியம். மழையில் நனைந்த வரப்பில் நடப்பவர் பாதத்தை அழுந்த ஊன்றிய பிறகுதான் உடலை முன்னே நகர்த்துவார். ஆக்சிலரேட்டரையும் அப்படித்தான் கையாள வேண்டும். எடை பின்னுக்குச் சாய்ந்து டயரை அழுத்த ஒரு கணம் ஆகும். அதற்கு முன்பே முழு விசையையும் கொட்டினால், இன்னும் வராத பிடிப்பைச் செலவழிக்கிறோம். ஈரத்தில் ஒரு கியர் மேலே வைத்து ஓட்டுவதன் பயன் முன்பு பார்த்த கணக்கிலேயே தெரிகிறது.

பாதத்தைச் சட்டென எடுப்பதும் ஆபத்தே. 1975-இல் வந்த முதல் போர்ஷே 911 டர்போ, 260 குதிரைத்திறனோடு இதற்குப் பேர்போனது. டர்போ விசை தாமதித்து ஒரேயடியாக வரும். பதறிய ஓட்டுநர் திருப்பத்தின் நடுவே பாதத்தை எடுப்பார். எடை முன்னுக்குப் பாய்ந்து பின் டயர்கள் லேசாகும். பின்னாலிருக்கும் கனத்த எஞ்சின் காரைச் சுழற்றிவிடும். பின்பக்கம் விலகத் தொடங்கினால் பாதத்தை மெல்லத் தளர்த்தி, போக வேண்டிய திசையைப் பார்த்து ஸ்டீயரிங்கைத் திருப்புவதே வழி. இதை உடலுக்குப் பழக்கப் பொதுச்சாலை இடமல்ல. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிபாளையத்திலும் பந்தயத் தடங்கள் இருக்கின்றன. எல்லை எங்கே என்று தெரிந்துகொள்ள வேண்டியது அங்கேதான்.

மிச்சம் வைக்கும் கணக்கு

பந்தயத் தடத்தில் தரை எங்கும் ஏறத்தாழ ஒரே மாதிரி. பொதுச்சாலையில் பத்தடிக்குள் அது மாறும்: வெள்ளைக் கோடு, இரும்பு மூடி, பாலத்தின் இணைப்புக் கம்பி, லாரியிலிருந்து சிந்திய டீசல், ஓரத்து மணல். நீண்ட வெயிலுக்குப் பிறகு பெய்யும் முதல் மழை, சாலையில் படிந்த எண்ணெயையும் தூசியையும் குழைத்துப் பூசிவிடும். வெகுநேரம் பெய்து கழுவிய சாலையைவிட அது மோசம்.

இப்படி மாறும் தரையில் வட்டத்தின் விளிம்பு வரை போவதற்கு இடமில்லை. மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும் கார், உராய்வெண் 0.9 உள்ள தரையில் பிரேக் போட்ட இடத்திலிருந்து 44 மீட்டரில் நிற்கும். 0.5 உள்ள ஈரத்தரையில் அதற்கு 79 மீட்டர் வேண்டும். முடுக்கத்தில் பிடிப்பை மிச்சப்படுத்தாத ஓட்டுநர், திடீரென ஒருவர் சாலையைக் கடக்கும்போது பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் எதைத் தருவார்?

நல்ல டயரும் ஆரோக்கியமான சஸ்பென்ஷனும் ஏற்ற டிஃபரன்ஷியலும் வட்டத்தைப் பெரிதாக்குகின்றன. பெரிதான பங்கையும் உடனே வேகமாக மாற்றிச் செலவழித்தால் பாதுகாப்பு பழைய இடத்திலேயே நிற்கும். அதைத் தொடாமல் வைத்திருந்தால், அது நமக்கும் எதிரே வருபவருக்கும் சாலையைக் கடப்பவருக்கும் சேர்த்துக் கிடைத்த காப்பு. சக்திவாய்ந்த காரை வைத்திருப்பவர் சாலைக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய மரியாதை அதுவே.